நாகலூருக்கே போகும் ஜீப்

மலையில் வாடகை ஜீப் ஓட்டுகிறவனிடம் எல்லோரும் போகும் இடத்தைச் சொல்லிவிட்டு ஏறுவார்கள். போலீசார் மட்டும் விசாரணையின் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு ஏறுவார்கள். என்னைப் போல வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் அன்பர்களே, நிலையத்து வண்டி பழுதாகும்போதெல்லாம் உங்கள் வாசலில் வந்து நிற்கும் காவலரை நீங்களும் அறிவீர்கள். சேர்வராயன் மலையில் நானும் அவ்வாறே அழைக்கப்பட்டு வந்தவன். எந்த நிலையம் என்பதை எழுதப்போவதில்லை.

திருட்டு ஓரிடம், பயணம் வேறிடம்

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கிடங்கிலிருந்து காப்பி மூட்டைகள் களவு போயின. புதிதாக வந்திருந்த இளம் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் ஏற, ஏட்டு பின்னால் ஏறினார். களவு நடந்த இடத்தை முதலில் பார்ப்பார்கள் என்ற எளிய எண்ணத்தில், ஏரியைத் தாண்டியதும் வண்டியைக் கிளியூர்ச் சாலைக்குத் திருப்பினேன். பின்னாலிருந்து என் தோளைத் தட்டி ஏட்டு சொன்னார்:

“எங்கீங்க போறீங்க பெரியவரே? காணாமப் போனதுதான் கிளியூரு. திருடன் நாகலூருங்க.”

தயாராக இருந்த பை

அந்தத் ‘திருடன்’ சவரிமுத்து என்னும் எஸ்டேட் தொழிலாளி. முன்னொரு காலத்தில் தண்ணீர் மோட்டார் ஒன்று காணாமற்போன வழக்கில் அவரைப் பிடித்தார்கள். குற்றம் செய்யவில்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த செய்தி மட்டும் நிலையத்தில் எவர் நினைவிலும் தங்கவில்லை. அதன் பிறகு மிளகு போனாலும், ஆடு போனாலும், என் ஜீப் அவர் வீட்டு வாசலில்தான் நின்றது.

அன்றும் எங்கள் வண்டிச் சத்தம் கேட்டவுடனே அவர் மனைவி லூர்து மேரி ஒரு பையோடு வெளியே வந்தார். அதில் துண்டும், மாற்றுச் சட்டையும், கணவரின் சர்க்கரை மாத்திரையும் இருந்தன. சவரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, யாரும் அழைப்பதற்கு முன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

“ஏனுங்க, இந்தத் தடவ என்னங்க காணாமப் போச்சு?”

வாசலில் காய்ந்தது

அவர்கள் வாசலில் ஒரு தார்ப்பாயின்மேல் காப்பிப் பழம் கறுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடிகளின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பொறுக்கிக்கொள்வார்கள். எஸ்டேட்காரர்கள் பார்த்தும் பாராதவர்போல் போய்விடுவார்கள். ஆனால் சட்டப்படி, உதிர்ந்த பழமும் எஸ்டேட்டின் சொத்துதான்.

ஆகையால், ஜீப்பைக் கண்டதும் அந்த வரிசையிலிருந்த மற்ற வீடுகளின் தார்ப்பாய்கள் எல்லாம் சுருண்டு உள்ளே போயின. சப்-இன்ஸ்பெக்டர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, இப்படிப் பொறுக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றால் தங்கள் வீட்டுக்குள்ளும் தேடுவார்கள் என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிடங்கில் களவு போனதோ தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த வெளுத்த கொட்டை. இதுவோ தோலோடு காயும் உதிரிப் பழம். இதை நான் ஏட்டிடம் மெதுவாக எடுத்துரைத்தேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்:

“அங்க போனதும் காப்பிங்க, இங்க இருக்கறதும் காப்பிங்க. அப்பறம் என்னங்க?”

இல்லாத புதர்

பொருளைக் கைப்பற்றினால் போலீசார் அவ்விடத்திலேயே ஒரு மகஜர் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கைக்கு எட்டும் சாட்சி யார்? வண்டி ஓட்டுகிறவன்தான். நான் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவன். ஆயினும், அச்சிட்ட காகிதம் எது கைக்கு வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டே கீழே வைக்கும் பழக்கத்தை எனக்கு நானே உண்டாக்கிக்கொண்டவன். அதையும் படித்தேன். “வீட்டின் பின்புறம் புதருக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த மூட்டை” என்று எழுதியிருந்தது.

வாசலில், வெயிலில், தார்ப்பாயின்மேல் இருந்தது என்று எழுதினால் கையெழுத்திடுகிறேன் என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் கோபிக்கவில்லை. காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்துக்கொண்டார். திரும்பும் வழியில், ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவரிடம் அதே காகிதத்தை நீட்டினார். அவரும் அடுப்பை அணைக்காமலே கையெழுத்திட்டார். பிறகு ஏன் இப்படிச் செய்தீர் என்று நான் கேட்டபோது அவர் சொன்னார்:

“உங்குளுக்கென்னங்க, வண்டிய நகத்திக்கிட்டுப் போயிருவீங்க. என் கட ரோட்டுமேல இருக்குதுங்களே.”

இன்னொருவர் அகப்பட்டார்

சவரிமுத்து சேலம் சிறையில் இருக்கும்போதே, மலையடிவாரத்தில் வேறு நிலையத்தார் வண்டிகளைச் சோதித்ததில் ஒருவன் மூட்டைகளோடு அகப்பட்டான். மூட்டைகளில் கிளியூர் எஸ்டேட்டின் முத்திரையே இருந்தது. தனியாகத்தான் எடுத்தேன் என்றும், நாகலூரில் தனக்கு யாரையும் தெரியாது என்றும் அவன் ஒப்புக்கொண்டான். இனி சவரிமுத்துவை விட்டுவிடுவார்கள் என்று மகிழ்ந்து, லூர்து மேரியை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். ஏட்டு எங்களை அன்போடு உட்காரச் சொன்னார். செய்தி முழுவதையும் கேட்டுத் தலையசைத்தார். பின்பு சொன்னார்:

“அப்ப ரெண்டு பேருங்க.”

சாட்சிக் கூண்டு

அதன்பின் லூர்து மேரி நாகலூரில் வீடு வீடாகப் போய், உதிரி பொறுக்கும் வழக்கத்தை மட்டும் நீதிமன்றத்தில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டார். எவரும் வரவில்லை. சவரிமுத்துவுக்காக ஏறிய வெளிச்சாட்சி நான் ஒருவனே. அரசு வக்கீல் என் படிப்பைக் கேட்டார், சொன்னேன். படித்துப் பார்த்ததனால்தான் கையெழுத்திடவில்லை என்பதையும் சொன்னேன். அந்த வீட்டின் பின்புறம் செங்குத்துப் பாறை, அங்கே புதருக்கே இடமில்லை என்றும் சொன்னேன்.

எனக்கு முன்பே பஜ்ஜிக் கடைக்காரரைச் சவரிமுத்துவின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்திருந்தார். புதர் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, அவர் முதலில் இடம் என்றார், அப்புறம் வலம் என்றார், அப்புறம் தண்ணீர் கேட்டார். நான் வெளியே வந்ததும் அந்தக் கடைக்காரர் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நீங்க சொல்லித்தானுங்க அந்த ஊடு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரிஞ்சுது.”

விடுதலையான அன்று

சவரிமுத்து விடுதலையானார். ஆனால் இடையில் ஒரு பருவம் முழுதும் போய்விட்டது. எஸ்டேட்டிலும் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். தீர்ப்பு வந்த அன்று அவரையும் லூர்து மேரியையும் நானே மலைக்கு ஏற்றிவந்தேன். ஜாமீனில் வந்ததிலிருந்து தினமும் காலையில் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும் என்பது அவருக்கு நிபந்தனையாக இருந்தது. அந்தத் தொல்லையாவது இன்றோடு தீர்ந்ததே என்றேன். அவர் வண்டியை நிலையத்துக்கு விடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“கையெழுத்து இன்னமும் போட்டுக்கறனேன்னு ஏட்டையாகிட்டக் கேக்கறனுங்க. நாளைக்கு எங்கியாச்சும் ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா, நான் எங்க இருந்தேன்னு அவிங்குளுக்கே தெரியுமில்லீங்க.”

குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன ஒருவரை, அன்று மாலையே, அவர் விருப்பப்படி நானே கொண்டுபோய்க் காவல் நிலைய வாசலில் இறக்கிவிட்டேன் என்பதுதான், இந்தத் தொழிலில் நான் நீதிக்குச் செய்த தொண்டு.