பன்னிரண்டாவது சாவி

எங்கள் குடியிருப்பில் யார் வெளியூர் போனாலும் சாவி எதிர்வீட்டு நர்ஸக்காவிடம்தான் போகும். பதினோரு வீட்டுச் சாவிகள் அவள் சமையலறை ஆணியில் தொங்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், பூனைக்குச் சோறு வைப்பாள். தன் வீட்டுச் சாவியை மட்டும் யாரிடமும் தரமாட்டாள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவள் குப்பை கொட்ட வெளியே வந்தபோது, காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி பன்னிரண்டும் உள்ளே. அடுப்பில் பால். படுத்த படுக்கையாகக் கணவர். தீய்ந்த வாடை வேறு வரத் தொடங்கியது.

"மேல்மாடித் தச்சரைக் கூப்பிடட்டுமா?" என்று என் வாசலிலிருந்து கேட்டேன்.

"வேண்டாம்மா, அவர் சாப்பிடுற நேரம்." என்று கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள மாமா இருக்கார்!" என்று கத்திவிட்டு மேலே ஓடினேன். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து தச்சர் பூட்டைப் பெயர்த்தார். புகைக்குள்ளிருந்து மாமாவின் இருமல் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

மறுநாள் புதுப் பூட்டின் சாவி ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்து இழுத்தும் அவள் விரல்கள் விடவில்லை.

"விடுங்கக்கா."

"விடத்தான்மா பாக்குறேன்," என்றாள்.