அக்கா கேட்ட புத்தகங்கள்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், எங்கள் துயரத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய கணவரான எங்கள் மாமா கேட்டார். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நான் செய்த ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பாகூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்தில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். காமிக்ஸ் என்றால் அவருக்கு உயிர். அப்பாவின் சைக்கிளைக் குரங்குப்பெடலில் ஓட்டிக்கொண்டு பாகூர் பேருந்து நிலையக் கடைக்குப் போய் வாங்கி வருவார். பபிள்கம்மில் வரும் கிரிக்கெட் அட்டைகள், மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகள் எல்லாம் சேர்த்தார். எந்த வீரருக்கு என்ன உயரம், என்ன எடை என்பதெல்லாம் மனப்பாடம். தோற்றே பழகிய தெருப் பையன்கள், "யக்கோவ், நீ ஆட வராத!" என்று கும்பிடுவார்கள்.

ஒரு நாள் அப்பா புத்தகங்களைப் பார்த்துவிட்டார். "பொட்டப்புள்ள பொம்ம பொஸ்தகம் படிச்சி இன்னா பண்ணப் போற?" என்று கத்தினார்.

"தம்பிக்குப் படிச்சிக் காட்டறன்பா. அதுக்கு எழுத்தே கூட்டத் தெரியல" என்றார் அக்கா.

அன்று முதல் வீட்டில் அவற்றுக்கு 'தம்பி பொஸ்தகம்' என்றே பெயர். ஆனால் அவர் சொன்னது பொய்யும் அல்ல. வில்லனுக்கு மூக்கால் பேசி, துப்பாக்கிக்கு நாக்கால் சத்தம் கொடுத்து அவர் படித்துக் காட்டியதில்தான் எனக்குத் தமிழ் படிக்க வந்தது.

அப்பா நோயில் படுத்ததும் பிளஸ் டூவோடு அக்காவின் படிப்பு நின்றது. திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போனார். விடியுமுன் கம்பெனி வேனில் ஏறினால், திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அந்த உழைப்பில்தான் நான் கல்லூரி முடித்தேன். அங்கேயே அவருக்குத் திருமணமும் அமைந்தது. மாமா வீட்டுக்குப் புறப்படும்போது, புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியை என்னிடம் தள்ளி, "நீயே வெச்சிக்கடா. அங்க எடுத்துனு போனா சிரிப்பாங்க" என்றார்.

பின்னாளில் வில்லியனூரில் வீடு கட்டியபோது அந்தப் புத்தகங்களுக்காகக் கண்ணாடி அலமாரி செய்தேன். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினேன். காமிக்ஸ் ஆர்வலர்கள் வெளியூரிலிருந்தும் வந்து பார்ப்பார்கள். "சின்ன வயசுல நான் சேர்த்தது" என்பேன். ஒருமுறை அக்கா அருகிலேயே நின்று அதைக் கேட்டார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஒரு நாள் போன் செய்தார். "சும்மாவே படுத்துனு கீறன்டா. அந்தப் பொஸ்தகத்துல ரெண்டு எடுத்துனு வாயேன்."

"வர்ற வாரம் எடுத்தாறேன்க்கா" என்றேன். அந்த வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. உறையிலிருந்து எடுத்து வெளியே கொடுக்க மனமில்லை என்பதுதான் உண்மை. பிறகு சில பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்பினேன். "எழுத்து பொடியா கீதுடா, தெரியல" என்றார்.

கடைசியில் இரண்டு புத்தகங்களோடு மருத்துவமனைக்குப் போனேன். அக்காவின் ஒரு கையில் ஊசியும் குழாயும். மறு கையில் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. "கைய தொடச்சிக்கோக்கா, கறை பட்டுடும்" என்றேன். சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டிய கையில் புத்தகத்தைக் கொடுக்காமல், நானே பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டினேன்.

இரண்டு பக்கம் பார்த்தார். "எடுத்துனு போடா. கெட்டுடப் போவுது" என்றார். குரலில் கோபமில்லை. நானும் நிம்மதியாக உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமே அக்கா போய்விட்டார்.

அக்காவைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த மாமாவுக்கும், வேலையை விட்டுவிட்டு உடனிருந்த அவர் மகளுக்கும், அழைத்தபோதெல்லாம் ஆட்டோவோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், டயாலிசிஸ் பிரிவு செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் அக்காவின் பக்கத்துக் கட்டிலில் சிகிச்சை பெற்றுவந்த ஓர் அம்மா. கருமாதியன்று தேடி வந்து என்னிடம் கேட்டார்:

"உன் அக்கா எங்களுக்கெல்லாம் கதை சொல்லும், தம்பி. குதிரக்காரன் ஒருத்தன் பாலைவனத்துல தண்ணி தேடிப் போற கத. பாதி சொல்லிட்டு, மீதி மறந்துபோச்சி, என் தம்பி பொஸ்தகம் எடுத்தாரும், பாத்துட்டு சொல்றன்னுச்சி. அவன் தண்ணியாண்ட போய்ச் சேந்தானா?"

எனக்குத் தெரியவில்லை. சிறுவயதில் அக்கா படிக்கக் கேட்டதோடு சரி, பிறகு நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. மறுநாள் அதைத் தேடியெடுத்து, உறையைக் கிழித்துப் படித்தேன். அந்த அம்மாவின் டயாலிசிஸ் நாளில் மருத்துவமனைக்குப் போய் மீதிக் கதையைச் சொன்னேன். அக்கம்பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"அவ்ளோதானா?" என்றார் அந்த அம்மா.

"அவ்ளோதாம்மா."

"உன் அக்கா சொன்னா குதிரைக்கு மூச்சு வாங்கறதுகூட காதுல கேக்கும்" என்றார்.

புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா கேட்டபோதே கொடுத்திருக்க வேண்டும்.