எண்ணெய் தேய்க்காத ஈ

ஆனி பிறந்துவிட்டால் எனக்கு வாசகர்களின் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சாரல் விழுந்துவிட்டதா, எந்த அருவியில் கூட்டம் குறைவு, ரயிலில் வருவதா பஸ்ஸில் வருவதா என்று. போன வாரம் ஒருவர் வேறு மாதிரி கேட்டிருந்தார். சின்னப் பூச்சிகளைப் படம் எடுக்கிறவராம். குற்றாலத்தில் அதற்கு எங்கே போகலாம் என்று கேட்கிறார். அறுபது வருடமாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். என் கணவர் விசுவநாதன் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர்; பிறந்து வளர்ந்தது தென்காசி. நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பெண் பார்க்க வந்த அன்று பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று அவர் வீட்டார் கேட்டு முடித்த பிறகு, அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஈ வரைவீங்களா?" அந்தக் கேள்விக்குச் சிரித்ததால் வந்த வாழ்க்கை இது.

அவர் சொன்னது வீட்டு ஈ அல்ல. கரை ஈ. எள்ளுக்குக் கால் முளைத்தது போல இருக்கும். தண்ணீர் கசிகிற பாறையில் பாசியை மேய்ந்துகொண்டு நிற்கும், நாம் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப்போவோம். இந்தப் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கிற ஈக்கு முகம் முழுக்க வெள்ளிப் பொடி, திருநீறு பூசியது போல. ஆனால் அதற்கு முந்தின சாரலில் ஐந்தருவியில் அவர் பிடித்த ஐந்து ஈக்களுக்கும் முகம் பளபளவென்று கறுப்பு. அப்படி ஓர் இனத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. சென்னையில் இருந்த அவருடைய பேராசிரியர் அவற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ஐந்தும் பெண். ஆண் ஒன்று கொண்டு வா, பிறகு பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். இந்த ஈக்களில் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து உறுதியாகப் பிரிப்பது ஆண் ஈயின் வயிற்று நுனிதான். அந்த நுனிக்காகத்தான் எங்கள் தேனிலவு.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலைப் பாசஞ்சரில் ஏறினோம். தென்காசிக்கு நாற்பத்தைந்து மைல். நின்று நின்று போனதில் மூன்று மணி நேரம் ஆனது. கடையம் தாண்டியதும் மலை ஜன்னலுக்குள் வந்துவிடும். தலையை நீட்டிக்கொண்டே வந்தேன். தென்காசியில் இறங்கும்போது மலையும் பார்த்தாயிற்று, ஜலதோஷமும் பிடித்தாயிற்று. அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல். காதர் அண்ணாச்சியின் டாக்ஸி வாடிக்கை.

"சாரல் எப்படி அண்ணாச்சி?" என்று இவர் கேட்டார்.

"நேத்தையிலேர்ந்து பிடிச்சு ஊத்துது. அருவியில கால் வைக்க எடமில்ல. புதுப் பொண்ணு, நல்லா குளிச்சிட்டுப் போகட்டும்."

புதுப் பெண் தும்மினேன். ஆக, வந்தவர்களில் குளிக்காத ஒரே ஜீவன் நான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது.

பேரருவிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சத்திரத்தில் அறை. இவர் பெட்டியை வைத்த கையோடு துண்டைக் கட்டிக்கொண்டு சுடலையிடம் போய் உட்கார்ந்துவிட்டார். சுடலை அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். இவருக்கு ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு சாரலுக்கும் அவர் கைதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழியாமல் அருவியில் நிற்பது குளியலில் சேராது. குளித்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. போகவும் கூடாது, அதுதான் சுகம் என்பார்கள்.

ஈ பிடிப்பதில் இவருக்கு ஒரு வித்தை இருந்தது. அதில் ரொம்பப் பெருமை. வலை வேண்டாம். குளித்துவிட்டு வந்த விரலைப் பாறையில் நிற்கிற ஈயின் மேல் மெல்ல ஒற்றினால், விரலோடு வந்துவிடும். அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் தட்டிவிடுவார். முதல் நாள் ஐந்தருவியில் இப்படியே ஏழெட்டு ஈ. எல்லாம் கறுப்பு முகம். "பாத்தியா கோமு, வலை வச்சிருக்கவன்லாம் இங்கன தோத்துருவான்" என்றார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பூரித்துப்போய் நின்றேன். அவர் சந்தோஷமாக இருந்தால் காது இரண்டும் லேசாக மேலே ஏறும். அன்று ஏறியே இருந்தன.

மறுநாள் செண்பகாதேவி அருவிக்கு ஏறினோம். பேரருவியிலிருந்து ஒன்றரை மைல் காட்டுப்பாதை, அட்டை உண்டு. பாதி வழியில் ஒரு பாறை கண்ணீர் விடுவது போலக் கசிந்துகொண்டிருந்தது. ஆள் குளிக்கிற இடமில்லை. இவர் முன்னால் போய்விட, எனக்கும் ஓர் ஆசை வந்தது. பையில் என் வரைதூரிகை இருந்தது, அணில் முடி. நுனியைத் தண்ணீரில் நனைத்து ஓர் ஈயைத் தொட்டேன். ஒட்டிக்கொண்டது. அதைத் தனிக் குழாயில் போட்டு, நான் பிடித்தது என்று அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன்.

மாலையில் ஜன்னலோரம் நுண்ணோக்கியை வைத்து வரைய உட்கார்ந்தேன். இவர் பிடித்த ஈயின் முகத்தில் கறுப்பைத் தீட்டப் போகும்போது, கண்ணுக்குக் கீழே ஓர் ஓரம் மட்டும் வெள்ளியாக மினுங்கியது. ஊசியால் திருப்பிப் பார்த்தேன். வெள்ளி ஓரத்துக்கும் கறுப்புக்கும் நடுவே ஈரக்கோடு போல ஒன்று. குழாயின் மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஜலதோஷ மூக்குக்கே தெரிந்தது, நல்லெண்ணெய்.

சுண்ணாம்பு பூசிய சுவரில் எண்ணெய்க் கை பட்டால் அந்த இடம் கறுத்துத் தெரியாதா? அதுதான் நடந்திருக்கிறது. இவர் குளிக்கப் போயிருந்த நேரம். தெருமுனையில் காதர் அண்ணாச்சி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்துக் குப்பியை நீட்டி, கொஞ்சம் பெட்ரோல் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"ஈ குளிப்பாட்டணும் அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊற்றிக் கொடுத்தார்.

பெட்ரோலில் முக்கி எடுத்து, காற்றில் காயவிட்டேன். ஈரம் போகப் போக அந்தச் சின்ன முகத்தில் வெள்ளி பூத்து வந்தது. அவ்வளவு அழகு. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அடுத்ததை முக்கினேன், வெள்ளி. அதற்கடுத்தது, வெள்ளி. எல்லாமே பழைய சாதாரண ஈ. கல்யாணமாகி இரண்டு மாதத்தில் ஒருவருடைய கனவை மருந்துக் குப்பியில் முக்கி எடுத்தவள் நானாகத்தான் இருப்பேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் மிச்சமிருந்தது சிவப்பு நூல் குழாய். அதையும் முக்கினேன். காய்ந்தது. கறுப்பு. இன்னொரு முறை முக்கினேன். அப்போதும் கறுப்பு.

இவர் ஈரத் தலையோடு வந்தார். வரிசையாக எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் காட்டி, நடந்ததைச் சொன்னேன். தன் வலது கை ஆள்காட்டி விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப போன வருசத்து அஞ்சும்?"

"ஊருக்குப் போய்க் கழுவிப் பாக்கணும்."

"பாக்க வேண்டாம். அதும் இந்த வெரல்தான்." முகம் விழுந்துவிட்டது. பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு நூல் குழாயின் ஈயை லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

"இது நான் பிடிச்சது. எண்ணெய் படாத கை. ரெண்டு தடவை கழுவிட்டேன்."

குனிந்தவர் நிமிரவே இல்லை. "ஏட்டி கோமு," என்றார் கடைசியில், "இது நெசமாவே கறுப்புட்டி." உடனே வயிற்று நுனியைப் பார்த்தார். பெண். ஆனாலும் காது ஏறிவிட்டது. "இன்னும் நாலு நாள் இருக்கு. ஆண் கெடைக்கிற வரைக்கும் எனக்கு எண்ணெய் கிடையாது."

"எண்ணெய் இல்லாம அருவியில குளிங்களேன்."

"அதுக்கு நான் என்ன வெளியூர்க்காரனா?"

வெளியூர் வாசகர்களுக்கு இதன் கனம் புரியாது. சாரல் சுழற்றி அடிக்கிறது, அருவி இரைச்சல் அறைக்குள் கேட்கிறது, ஊரே எண்ணெய் வழிய நிற்கிறது. தென்காசிக்காரர் ஒருவர் சத்திரத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு போகிறார். சுடலைக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. பாதையை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சாமி, எங் கையில என்ன கொறை கண்டிய?"

"கொறை ஒண்ணுமில்ல சுடலை. ஈக்கு எண்ணெய் ஆகாது."

"ஈக்கு ஆகலன்னா ஒமக்கு என்னவே?" என்று கேட்டுவிட்டு, சுடலை என் பக்கம் திரும்பினார். வந்த மருமகள் மந்திரம் போட்டுவிட்டாள் என்று அந்தப் பார்வையே சொல்லிவிட்டது. மறுநாள் தெருவில் இரண்டு பெண்கள் என்னைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

தினமும் மலையேறினோம். என் தூரிகையை அவருக்குக் கொடுத்துப் பழக்கினேன். முதல் நாள் ஈயை நசுக்கினார், இரண்டாம் நாள் தண்ணீரில் விட்டார். மூன்றாம் நாள் இரண்டு கிடைத்தன, இரண்டும் பெண். இறங்கி வரும்போது பேரருவிப் பக்கம் திரும்பாமல், எதிர்ப்புறக் கடைகளை வேடிக்கை பார்ப்பது போல நடந்தார். அன்றுதான் எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். அதுவரை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நாள் மதியம் ரயில். விடிந்ததும் கசிவுப் பாறைக்குப் போனோம். மழை வலுத்து, பாறையில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. ஈக்கள் எல்லாம் ஒரு பிளவுக்குள் ஒதுங்கி நின்றன. இவர் குப்புறப் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். நான் குடையை அவர் முதுகுக்குப் பிடித்தேன். வெளியே வந்த தூரிகை நுனியில் ஒன்று. குழாய்க்குள் விட்டு, கைலென்ஸைக் கண்ணில் வைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை, காதைத்தான் பார்த்தேன். ஏறியது.

"இதப் பிடிட்டி, விட்டுறாத" என்று குழாயை என் கையில் வைத்தவர், தூரிகையையும் தந்துவிட்டு இறங்கி ஓடினார். அந்த வழுக்கல் பாதையில் ஒன்றரை மைலுக்குக் கால் பாவியிருக்குமா என்பதே சந்தேகம். நான் போய்ச் சேர்ந்தபோது சுடலைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார், தலையிலிருந்து எண்ணெய் ஊற்றாக வழிந்தது. நாலு நாள் எண்ணெயையும் சேர்த்துத் தேய்க்கிறார் போல, சுடலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களும் ஒருநா குளிச்சிருங்க தாயீ, சளியெல்லாம் ஓடிரும்" என்றார். கோபம் போய்விட்டது, அவருக்கும் எனக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆனிக் கடைசியும் ஆடியும் நல்ல காலம். செண்பகாதேவி பாதையில் இப்போது நினைத்தபடி ஏற முடியாது, வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் கொண்டுபோங்கள். பூச்சி பார்க்க வேண்டுமென்றால் ஆள் குளிக்காத சின்னக் கசிவுகளைப் பாருங்கள். படம் எடுத்தால் போதும், பிடிக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்தீர்களானால் கேமராவைத் தொடாதீர்கள். இயன்றால் ஜலதோஷம் பிடித்த ஒருவரையும் கூட்டிப்போங்கள்.

அந்த ஈயைப் புது இனமாக அறிவிக்கும் விவரிப்பை எழுதுகிற அன்று, "ஒம் பேரே வச்சிருதேன்" என்றார். என் பேரில் ஓர் ஈயின் வயிற்று நுனியை ஊரெல்லாம் ஆராய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊர்ப் பெயரைத்தான் வைத்தார். கால், இறகு, உணர்கொம்பு எல்லாம் அவரே மளமளவென்று எழுதினார். முகத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "நீதானே அத வரஞ்சவ. எப்படி இருந்துச்சுன்னு நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். இன்றைக்கும் அந்த ஈயை அடையாளம் காண விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்: முகம் கறுப்பு, இப்போதுதான் எண்ணெய் தேய்த்தது போன்ற பளபளப்பு.