டாக்சியில் பொருத்திய சிவப்பு விளக்குகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கரமனையில் குடியிருந்தோம். டி.வி. பெட்டி பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் நான் ஒயர்களை ஈயத்தால் பற்றவைக்கும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் சொந்த அம்பாசிடரைக் கிழக்கேகோட்டையில் டாக்சியாக ஓட்டினார். இருவருமே நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாளம் பேசும் ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த யாரோ ஒருவரின் காரில், பாட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் விளக்குகளை அவர் பார்த்துவிட்டார். "நமக்கும் ஒண்ணு செஞ்சு தா பிள்ளே. உனக்குத் தெரியாத கரண்டு வேலையா?" என்று நச்சரித்தார்.

செய்தேன். பாட்டின் சத்தத்தை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். இடது கோடியில் தவிலின் கனத்த சத்தம், நடுவில் குரல், வலது கோடியில் ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையான சத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசைக் குட்டிச் சிவப்பு விளக்கு. முதலில் பொருத்தியபோது டேப்பை நிறுத்திய பிறகும் விளக்குகள் துடித்தன. எஞ்சின் இரைச்சல் ஒயர் வழியாக ஏறியிருந்தது. அதைச் சரிசெய்யவே பல நாள் பிடித்தது. பிஸ்கட் டின்னை வெட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பெட்டியாக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் உட்கார்ந்து கேசட் போட்டோம். பாட்டுக்கு முன்னால் சலங்கை மட்டும் தனியாக வந்தது. வலது கோடி விளக்குகள் அழகாக ஏறி இறங்கின.

"இது சரியாவல்ல," என்றார். "பாட்டே தொடங்கல்ல. பின்னே இந்த ஓரத்து வெளக்கு எதுக்காக்கும் எரியுது?"

"சலங்கைச் சத்தம்லா வருது."

"எங்க?"

ஒலியை முழுக்கக் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். பாடகியின் குரல் எழுந்ததும் அவர் முகம் தெளிந்தது. நான் நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். இந்தத் தடவை அவர் விளக்குகளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"உனக்குக் கேக்கா?"

"கேக்குது."

டேப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போனார்.

காது நரம்பு கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். சவாரிக்கு வருகிறவர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று அவர் எரிந்து விழுந்ததெல்லாம் எதனால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியும் சில மாதங்கள் ஓட்டினார். ஒருநாள் பொன்முடி சவாரி. மூடுபனியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் கீழே நின்று விசில் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். பின்சீட்டில் இருந்தவர் அலறித் தோளைப் பிடித்து இழுத்த பிறகே இவர் பிரேக்கை மிதித்தார். கண்டக்டரின் முழங்காலைத் தொட்டுக்கொண்டு கார் நின்றது.

வீட்டுக்கு வந்ததும், "வண்டிய வித்திரலாம்," என்றார்.

"காதுக்கு மெஷின் இருக்குதாமே. வாங்கி வச்சுப் பாப்போம்."

"மெஷின் வச்ச டிரைவர் வண்டியில எவன் ஏறுவான்?"



நெடுமங்காட்டிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அதற்கு முன், விளக்குப் பெட்டியைக் கழற்றவா என்று இவரிடம் கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

பிறகு சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கிடங்கில் மேற்பார்வை வேலைக்குப் போனார். போகப்போக மற்றச் சத்தங்களும் அவரைவிட்டுப் போயின. நான் சாப்பிடக் கூப்பிட்டால்கூட, நாங்கள் சண்டை போடுகிறோம் என்று தெருவில் நினைத்தார்கள். உரக்கச் சொல்ல முடியாத பேச்சுகள் எத்தனையோ இருந்தன எங்களுக்குள். அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின.