மறக்காது என்று சொன்னவள்

எங்கள் மனநல மருத்துவமனையில் சுரேகாவைப் போல வாய் வலிக்கப் பேசுகிறவள் யாரும் இல்லை. சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. காலையில் கொரட்டூரில் ரயிலேறி ஆவடியில் இறங்கினால் மாலைவரை அதே பேச்சுதான். "ரேடியோ பொட்டிய முழுங்கிட்டியாடி?" என்று நர்ஸான நான் கிண்டல் செய்வேன்.

சொந்தக்காரர்கள்தான் அவளுக்குத் தலைவலி. ஷாக் சிகிச்சைக்குக் கூட்டிவந்துவிட்டு, நோயாளியிடம் சத்து ஊசி என்று சொல்லி வைத்திருப்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கோ எரிச்சலாக வரும்.

நெமிலிச்சேரி பஞ்சவர்ணத்திடம் அவள் அண்ணன் ஜெகதீசன் சொன்னது வேறு பொய். ஏரியில் மூழ்கி இறந்த மகனை இந்தச் சிகிச்சை மறக்கடித்துவிடுமாம். மகன் போனதிலிருந்து சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகியிருந்தவள், பேனாவை ஆசையாகக் கையில் எடுத்தாள்.

"எல்லாம் மறந்துடும்ல?"

சுரேகா பேனாவை மெல்ல வாங்கி வைத்தாள். "இல்லக்கா. மயக்க மருந்து குடுத்துட்டுதான் கரண்ட் வைப்பாங்க, வலிக்காது. சமீபத்துல நடந்தது சிலது மறக்கலாம். பையன் நெனப்பு மறக்காது. ஆனா பசிக்கும், தூக்கம் வரும்."

"பசிச்சு இன்னா பண்ணப் போறேன்? யாருக்கு சோறாக்கப் போறேன்?" பஞ்சவர்ணம் கையெழுத்துப் போடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புரிந்துதான் மறுக்கிறாள், கட்டாயப்படுத்த முடியாது என்றார் டாக்டர். ஜெகதீசன் வராந்தாவில் கத்தினார். "ஒரு பொய் சொல்லிருந்தா இன்னாம்மா கொறஞ்சா பூட்டிருப்பே? எங்கண்ணு முன்னாடி சாகப் போறா!" அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தங்கையை அன்றே வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். சுரேகா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நெமிலிச்சேரிக்குப் போனோம். ஜெகதீசன் வாசலை மறித்து நின்றார். உள்ளேயிருந்து ஈனஸ்வரத்தில் குரல் வந்தது. "அவள உள்ள உடுண்ணா."

பஞ்சவர்ணம் பாயில் கிடந்தாள். "எல்லாரும் மறந்துடு மறந்துடுன்னுகினே கீறாங்க. எம்புள்ள பேர இந்த ஊட்ல ஒருத்தரும் எடுக்கறதில்ல. நீ ஒருத்திதான் மறக்காதுன்னே. அத இன்னொரு தபா சொல்லு."

சுரேகா தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறக்காதுக்கா."

"தினேஷு" என்று பெயரைச் சொல்லி அழுதாள் பஞ்சவர்ணம்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்களா என்று சுரேகா கேட்டதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். தலைமாட்டுத் தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.