மீனில் தேய்த்த பேதி உப்பு

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் தக்காளித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். கால்சியத்துக்கு முட்டை ஓட்டுத்தூள் தூவுவேன். மெக்னீசியத்துக்குப் பேதி உப்பை, அதாவது எப்சம் உப்பை, தண்ணீரில் கரைத்து ஊற்றுவேன். இரண்டுக்கும் செலவு குறைவு. பேதி உப்பைப் பெயர் எழுதாத டப்பாவில் மாடியிலேயே விட்டிருந்தேன்.

வீட்டில் வாடை வருமென்று மீனையும் மாடியில்தான் கழுவுவோம். போன ஞாயிறு தம்பி வஞ்சிரம் வாங்கி, மேலே கழுவி, உப்பும் மஞ்சளும் தடவிக் கொண்டுவந்தான். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கல்லுப்பு ஜாடியோ அடுப்புக்குப் பக்கத்தில், என் கண்முன்னே இருந்தது.

"உப்பு ஏதுடா?"

"மேல டப்பால கீதேக்கா."

"அது செடிக்குடா!"

"செடிக்கு இன்னாத்துக்கு உப்பு? மீன் கொழம்பா வைக்கப் போற அதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. மெக்னீசியம் சேர்ந்த உப்பு, மருந்து எதையும் தொடக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. துண்டு மீன்கூட மிச்சம் வைக்காமல் குப்பையில் கொட்டினேன். "வஞ்சிரத்தப் போய் கொட்டிட்டியே" என்று மாலைவரை புலம்பினான் தம்பி.

இப்போது அந்த டப்பா, மண் கிளறும் கரண்டியோடு பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மேலே சிவப்பு மையில் 'செடி மருந்து' என்று எழுதியிருக்கிறேன். உப்பு என்று எழுதினால் தம்பி அந்த ஒரு சொல்லைத்தான் படிப்பான்.