சமையலறையில் கழட்டிய ஜீப்

சொந்தமா ஜீப் வச்சிருக்கிறவன் பாதி நாள் அதுக்குள்ள இருப்பான், மீதி நாள் அதுக்கு அடியில கிடப்பான். நீங்களும் அப்படி அடியில கிடந்தவங்கன்னா, நான் சொல்றதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீங்க, பெருமூச்சுதான் விடுவீங்க.

தள்ளுறதுக்கு ரெண்டு பேர்

எழுபதுகள்ல பதுளைப் பக்கம் ஹாலிஎலவுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல, பள்ளத்துல வரிசையா இருந்த லயத்து வீடுகள்ல ஒண்ணு எங்க வீடு. பெரிய ரோட்டுக்குப் போகணும்னா சிலுவை மேடு ஏறணும். பள்ளத்துல இருந்த ஒரே வண்டி ஹயருக்கு ஓடுன என் பழைய ஜீப்தான். மழை பெய்ஞ்சா மேட்டுல பாதியில நின்னு முனகும். அதனால காலையில ஆள் கூடுற பெரட்டுக்களத்துல கங்காணி வேலை பிரிக்கும்போதே, செடி வெட்டுற கவ்வாத்துக்கு இத்தனை பேர், புல்லு வெட்ட இத்தனை பேர், ஜீப் தள்ள ரெண்டு பேர்னு சொல்லிடுவாரு. அந்த ரெண்டு பேருல நிரந்தர ஆளு மாரிமுத்து.

அப்ப என் மனைவி பிலோமினா மாசமா இருந்தா. நோவு வந்தா பதுளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டு போகணும். அவளை வச்சுக்கிட்டு அந்த மேட்டுல வண்டி நின்னா என்ன ஆகும்னு நினைச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பேன். இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு மருத்துவச்சி சொன்னாங்க. அதுக்குள்ள ட்ரான்ஸ்ஃபர் பெட்டியை மாத்திடணும்னு முடிவு பண்ணினேன். கியர் பெட்டிக்குப் பின்னால உட்கார்ந்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிறது அதுதான். அதுல லோ கியர் பலமா இருந்தா எந்த மேடும் ஏறும். சேதி கேட்ட மாரிமுத்துக்கு முகம் செத்துப் போச்சு.

"அப்ப நான் மறுபடி கவ்வாத்துக்குப் போகணுமாண்ணே?"

எழுதி வைக்காத கடதாசி

அந்தக் காலத்துல புதுச் சாமான் வெளியில இருந்து வராது. பதுளையில பழைய வண்டிச் சாமான் விக்கிற, எல்லாரும் நானான்னு கூப்பிடுற முஸ்லிம் பெரியவர் கடைதான் கதி. நொறுங்கிப்போன ஒரு பெரிய ஜீப்புல இருந்து எனக்கு வேண்டிய பெட்டியை எடுத்துக் குடுத்தாரு. பிரிச்சுச் சுத்தம் பண்ணி வீட்டுலயே பூட்டப் போறேன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு.

"கழட்டுறதக் கடதாசியில எழுதி வைங்க தம்பி. ஞாபகம் நிக்கிற மொகமாத் தெரியல்ல உங்கட மொகம்."

மூணு தரம்

நான் எழுதல. வெளியில விடாத மழை, அதனால பெட்டியை அடுப்படிக்குள்ள வச்சுக் கழட்டினேன். சாக்கை விரிச்சு, கழட்டின வரிசையிலயே ஒவ்வொண்ணா அடுக்கினேன். அந்த வரிசைதான் என் கடதாசி. மூடிக்குக் கீழ வைக்க மெல்லிசாத் தகடு தேவைப்பட்டுச்சு. தேயிலைப் பெட்டிக்குள்ள ஒட்டுற ஈயத்தாள் சரியா வரும்னு ஃபேக்டரிக்குப் போனேன்.

திரும்பி வந்தா சாக்கைக் காணோம். பிலோமினா கல்யாணத்துக்கு முன்னாடி ஃபேக்டரியில தேயிலை சலிச்சுத் தரம் பிரிச்சவ. என் சாமான் அத்தனையையும் சாம்பல் போட்டு விளக்கி, சொளகுல பரப்பி, பெருசு பெருசோட, நடுத்தரம் நடுத்தரத்தோட, சிறுசு சிறுசோட அழகாப் பிரிச்சு வச்சிருந்தா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நிறைமாசக்காரியைத் திட்டவா முடியும்?

"மூணு தரமாப் பிரிச்சிட்டேன். இனி நீங்க தேட வேண்டியதில்ல."

சிலுவை மேடு

பத்து நாள் முட்டி மோதிப் பூட்டினேன். கடைசியில ஒரு ஸ்பிரிங் மட்டும் மிஞ்சுச்சு. அது பழைய பெட்டியோடதா இருக்கும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். ஓட்டிப் பார்க்க நேரமில்ல. மறுநாள் காலையில, பெரட்டுக்கு ஆள் கூடுற நேரம், அவளுக்கு நோவு கண்டுடுச்சு.

மருத்துவச்சி அவ பக்கத்துல ஏற, லோ கியரைப் போட்டேன். சொன்னா நம்புங்க, சேறும் சகதியுமாக் கிடந்த மேட்டை ஜீப் தன்பாட்டுல ஏறிச்சு. தள்ள வந்த மாரிமுத்து சும்மா கையை வீசிக்கிட்டு பக்கத்துலயே நடந்து வந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கல.

ரோட்டுக்கு வந்து ஹை கியருக்கு மாத்தினா, லிவர் துள்ளி கியரை விட்டு வெளியில வந்துடுச்சு. திரும்பப் போட்டேன், திரும்பத் துள்ளுச்சு. லிவரைத் துள்ளவிடாம உள்ளே பிடிச்சு வைக்க அந்த ஸ்பிரிங்கோட தலையில ஒரு இரும்புக் குண்டு உட்காரணும். ஸ்பிரிங் வீட்டுல கிடக்கு, குண்டு எங்கேன்னே தெரியல. லோ கியர்லயே போனா நடக்கிற வேகம்தான். பின்னால அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகுறா. மாரிமுத்துவை உள்ளே ஏத்தி, கீழ குந்த வச்சு, லிவரை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பதுளை வரைக்கும் அவன் கையை எடுக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குள்ள போன கொஞ்ச நேரத்துல பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. தாயும் பிள்ளையும் சுகம்னு கேட்டதும் நான் படியிலயே உட்கார்ந்துட்டேன். மாரிமுத்து சிவந்துபோன கையைத் தேய்ச்சுக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்தான்.

"கங்காணிகிட்ட சொல்லிடுங்கண்ணே, இனிமே லிவர் பிடிக்க ஒரு ஆளு வேணும்னு."

பித்தான் டப்பா

ஒரு மாசம் கழிச்சு பிள்ளைச் சட்டைக்குப் பித்தான் வைக்க பிலோமினா டப்பாவைக் கவிழ்த்தா. பித்தான்களுக்கு நடுவுல என் இரும்புக் குண்டு உருண்டு வந்துச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளே சொல்லிட்டா.

"அது சொளகுல நிக்காம உருண்டுச்சு, அதான் இதுல போட்டேன். அது நாலாவது தரம்."

அந்தக் குண்டை ஆறு மாசம் கழிச்சுத்தான் பெட்டிக்குள்ள போட்டேன், ஒரு மொச்சைக்கொட்டை அளவு இரும்புக்காக, தினமும் லிவர் பிடிச்சுக்கிட்டு வந்த மாரிமுத்துவைக் கவ்வாத்துக்கு அனுப்ப எனக்கு மனசு வரல.